அரைப்பேருக்குப் பயந்து தூக்குன கை

அவ அப்பிடித்தான் சொல்லுவா, கோகிலா, நீ அத மனசுல வெச்சுக்காத. மேல் லயத்துக்காரி வாயி காலையில பைப்படியில தொறந்தா அந்தி வரைக்கும் மூடாது. "கோகிலா பிரதேச சபை மெம்பர் ஆயிட்டா, இனி கொழுந்துக் கூடையா தூக்கப் போறா, ஹேன்ட்பேக்தான்"னு சொன்னாளாக்கும்? சொல்லிட்டுப் போறா. நான் மெம்பரானப்ப என்ன சொன்னா தெரியுமா? "மாரியாயி அக்காவுக்கு ஆனா ஆவன்னா தெரியாது, சபையில போயி கொழுந்தா எடுக்கப் போகுது"ன்னா. என் மொகத்துக்கு நேராவே சொன்னா. பொறவு காத்துல அவ வீட்டுத் தகரம் பறந்தப்ப கடுதாசி எழுதிக்கிட்டு என்கிட்டத்தான் ஓடியாந்தா. நான் அத வாங்கி வாசிக்கிற மாதிரி ரொம்ப நேரம் பாத்தேன். தலகீழாப் புடிச்சிருக்கேன்! அவளுக்கும் எழுத்து தெரியாதே, எழுதுனது அவ மகன்.

இந்தப் புள்ள யாரு? டவுன்ல ஜெயிச்ச புள்ளயா? வா மகள், உள்ளுக்கு வா. அந்த கதிரைல ஒக்காரு, அதுல ஒரு காலு ஆடும், இந்தப் பக்கமா சாஞ்சுக்க. ரிஸ்னாவா பேரு? நல்ல பேரு. ஒங்க வாப்பாவத் தெரியும், பஸ் ஸ்டான்டுக்கு எதுக்கால சாமான் கடை. பருப்பு அளந்தா ஒரு கை கூடத்தான் போடுவாரு.

ரெண்டு பேரும் எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். வியாழக்கெழம ஒங்களுக்கு மொதக் கூட்டம். "சபையில என்ன பேசனும் பெரியம்மா?"ன்னு கேக்கப் போறீங்க. என்ன பேசனும்னு எனக்கு என்ன தெரியும்? நான் இருந்த ஒரு தவணையும் பாதி நேரம் யாரு என்ன பேசுறாங்கன்னே வெளங்காமத்தான் இருந்தேன். ஒன்னே ஒன்னுதான் எனக்குத் தெரியும். எப்ப கை தூக்கனும்னு. அதுவும் ஒருக்கா தப்பாத் தூக்கித்தான் படிச்சேன். அதச் சொல்றேன், பிளேன்டி குடிச்சிக்கிட்டே கேளுங்க.

நான் எப்பிடி மெம்பரானேன்னு கோகிலாவுக்குத் தெரியும். நீ கேளு மகள். முப்பது வருசத்துக்கு மேல நான் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவ. அதுல பாதிக் காலம் மாதர் சங்கத் தலைவி. தலைவின்னா என்ன, குடிச்சிட்டு அடிக்கிறவன் வீட்டுக்கு மொதல்ல போயி நிக்கனும். பொலிசுக்குக் கூட்டிக்கிட்டுப் போகனும். அங்க அவங்க "நாளைக்கு வாங்க"ம்பாங்க. நாளைக்கு வரைக்கும் இந்தப் பொம்பள எங்க இருப்பா? அத யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேப்பேன். அதுக்குத்தான் எனக்கு வாய்க்காரின்னு பேரு.

அப்பத்தான் சபைக்குப் பொம்பளைங்களும் இத்தன பேரு வரனும்னு சட்டம் வந்துச்சு. நம்ம தோட்டத் தலைவரு வீட்டுக்கு ஓடி வந்தாரு. "அக்கா, பட்டியல்ல ஒரு பொம்பளப் பேரு கொறையுது. ஒங்க பேரப் போட்டுக்கிறேன். ஒன்னும் செய்ய வேணாம், பேரு மட்டுந்தான்"னாரு. நானும் பேருதானேன்னு குடுத்தேன். பாத்தா அந்தப் பட்டியல்ல இருந்து மெம்பரா எடுத்த ஆளு நான். தலைவரும் ஜெயிச்சாரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போனோம். அவரு மொகத்தப் பாக்கனுமே, ஆட்டுக்குட்டிக்குக் கயிறு வாங்கப் போனவரு மாட்டையும் ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி. நான்தான் மாடு!

கையெழுத்துப் போடப் படிச்சேன். என் சின்ன மக சிலேட்டுல எழுதிக் குடுத்தா. ரெண்டு கெழம வரைஞ்சேன். எழுத்து இல்ல அது, கோலம். அந்தக் கோலம் மட்டும் இன்னைக்கும் வரும்.

சபைல எல்லாம் சிங்களம். எனக்குக் கடையில பேசுற சிங்களம் நல்லா வரும், வெல பேசி வெலையக் கொறைச்சிருவேன். கூட்டத்துச் சிங்களம் வேற. அது நீட்டு நீட்டா வரும், எங்க முடியும்னு தெரியாது. தமிழ்ல மாத்திச் சொல்ல ஒரு கிளாக்கர் தம்பி இருந்தாரு, பாவம், நல்ல புள்ள, ஆனா மாசத்துல பாதி நாளு லீவு. அவரு இல்லாதப்ப தலைவரு பக்கத்துல ஒக்காந்து காதுல சொல்லுவாரு. அவரு சொல்றது சுருக்கமா இருக்கும். அங்கிட்டு பத்து நிமிசம் பேசுவாங்க, இவரு "தண்ணிப் பைப்பு"ம்பாரு. அவ்வளவுதான்.

அந்த மொத வருசம் நான் ஒரே ஒரு காரியம் செஞ்சேன். சபைக்குப் பின்னால மருந்துச் சாலை இருக்குல்ல, சபை நடத்துற நாட்டு மருந்து குடுக்குற எடம், அதுக்கு ஒட்டி ஒரு சின்னக் காம்பரா, ஒத்த அறை, சும்மா கெடந்துச்சு. ஒடஞ்ச தள்ளுவண்டியும் எலிப் புழுக்கையுமா. அத எனக்குக் குடுங்கன்னேன். எனக்குன்னா எனக்கு இல்ல. வீட்டுல அடி வாங்கி வர்ற பொம்பளைக ஒக்காந்திருக்க. செவ்வாக்கெழம மகளிர் உத்தியோகத்தர் மிஸ் வருவாங்க, அவங்களப் பாக்க வர்றவங்களும் மருந்து வாங்குற ஆம்பளைகளோட வரிசையில நிக்காம உள்ளுக்கு இருக்க. ஒக்கார ரெண்டு வாங்கு போட்டோம், ஒரு பாயி, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல், ஜன்னலுக்குத் துணி. கதவுக்கு உள்பக்கமாத் தாப்பாள் வேணும்னு கேட்டேன். வேலைப் பகுதியப் பாக்குற சிங்கள ஐயா, அந்த மாத்தியா சிரிச்சாரு. "சபைக் காம்பராவுக்கு வெளியில பூட்டுத்தான் அக்கே, உள்ளுக்கு எதுக்கு?"ன்னாரு. நான் அவரையே பாத்துக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல அவருக்கே வெளங்கிப் போச்சு. அவரே திருப்புளி எடுத்து மாட்டித் தந்தாரு. சாவி என் பொறுப்புன்னு குறிப்புல எழுதுனாங்க.

அந்தக் காம்பராவுல தெனமும் ஒக்காந்தவ ஸ்டெல்லா. கீழ் டிவிசன் புள்ள, வேதக்காரங்க. டவுன்ல தையல் கடையில வேல. ரெண்டு மணிக்கு வேல முடியும். அவளோட மனுசன் ரெண்டு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டான்டுல வந்து நிப்பான். வீட்ட விட்டு வந்து தாய் வீட்டுல இருக்கா, கோட்டுல வழக்கு வெச்சிருக்கா, அது அவனுக்குப் பொறுக்கல. அவன் நாலு மணிக்கு மேல குடிக்கப் போயிருவான். அஞ்சு மணி பஸ்ல இவ போயிருவா. அந்த மூனு மணித்தியாலம்தான் சிக்கல். அந்த மூனு மணித்தியாலம் இவ நம்ம காம்பராவுல தாப்பாளப் போட்டுக்கிட்டு, கடையில இருந்து கொண்டாந்த சட்டைக்கு பட்டன் தைப்பா. வேற ஒன்னும் இல்ல. இந்த மூனு மணித்தியாலத்துக்குத்தான் நான் மெம்பரா இருந்தேன்னு வெச்சுக்கயேன்.

சரி, இப்ப என் கைக்கு வர்றேன்.

அன்னைக்குக் கூட்டம், நல்ல மழ. தகரத்துல அடிக்கிற சத்தத்துல மைக்கே கேக்கல. கிளாக்கர் தம்பி லீவு. தேத்தண்ணி குடிச்சிட்டு எல்லாரும் திரும்ப வந்து ஒக்காந்தோம். தலைவருக்கு போன் வந்து வெளியில போயிட்டாரு. கூட்டத்த நடத்துற தவிசாளரு மாத்தியா பேப்பரப் பாத்து என்னமோ வேகமா வாசிச்சாரு. ஒன்னு, ரெண்டு, மூனுன்னு வாசிச்சுக்கிட்டே போறாரு. பொறவு தலைய நிமுத்திச் சுத்திப் பாத்தாரு. கையத் தூக்குனாங்க.

கோகிலா, ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல. மகளுக்குச் சொல்றேன். தோட்டத்துல காலையில பெரட்டுக்களத்துல நிப்போம். வேலைக்கு ஆளுகளப் பிரிக்கிற எடம். கங்காணி பாப்பாரு, கையத் தூக்கனும். தூக்கலன்னா பேரு விழாது. பேரு விழலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. தேத்தண்ணிக்குப் பொறவு திரும்ப வந்து நிக்கிறப்ப ஒருக்கா பாப்பாங்க. அப்ப இல்லாட்டி அரைப்பேரு, அரைநாள் சம்பளந்தான். முப்பது வருசம்! தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து நின்னா, ஒரு ஆளு பேப்பரோட தலைய நிமுத்துனா, சுத்தி நாலு கை மேல போனா, என் கை என்னையக் கேக்காது. அது பாட்டுக்குப் போயிரும். ஆளு கணக்கெடுக்குறாங்கன்னு நெனச்சேன். நான் இருக்கேன் மாத்தியா, அரைப்பேரு போட்றாதீங்கன்னு நல்லா ஒசத்தித் தூக்குனேன். எட்டித் தூக்குனேன். தவிசாளரு என்னப் பாத்து சிரிச்சுத் தலைய ஆட்டுனாரு. நானும் சிரிச்சேன். எவ்வளவு மரியாதையான மனுசன்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன்.

சிரிக்கிறியா? சிரி சிரி. எனக்கும் இப்ப சிரிப்புத்தான் வருது. அன்னைக்கு மறுநாளு வரலயே.

மறுநாளு சபைக்குக் காவல் இருக்குற வாச்சரு வந்தாரு. வயசான சிங்கள மனுசன், என்கூட நல்ல மாதிரி. "அக்கே, காம்பரா சாவி தாங்க"ன்னாரு. எதுக்குன்னேன். "மெம்பர்மாருக்கு ஓய்வெடுக்க காம்பரா. டீவி வருது. நீங்கதானே கை ஒசத்தினது?"

எனக்கு மொதல்ல வெளங்கல. ரெண்டு தடவ கேட்டேன். நான் பேரு குடுக்கத்தானே தூக்குனேன், யாருக்கு ஓய்வு, என்ன டீவி? அவரு மெதுவாச் சொன்னாரு. சாவி என் பொறுப்பாம், அதனால நான் சம்மதிச்சாத்தான் எடுக்கலாமாம். நான் சம்மதிச்சிட்டேனாம். எல்லாரும் பாத்தாங்களாம். கண்ணக் கட்டிச்சு எனக்கு. சாவியக் குடுத்துட்டேன். குடுக்காம இருந்திருக்கலாமோ? இன்னும் தெரியல. குறிப்புல எழுதியாச்சுன்னு அவரு சொன்னதும் என் கை தானா நீட்டிருச்சு. அந்தக் கையப் பத்தித்தான் சொன்னேனே.

இங்கதான் நல்லாக் கேக்கனும். ரெண்டு மணிக்கு ஸ்டெல்லா வந்தா. கதவுல புதுப் பூட்டு. "என்னக்கா?"ன்னா. நான் வாயத் தொறந்தேன். "வெள்ளையடிக்கிறாங்க புள்ள. ஒரு மாசம் ஆகும்"னு சொன்னேன்.

ஏன் அப்பிடிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வெக்கம். அந்தப் புள்ளக்கி நான்தான் பெரிய ஆளு, பொலிசுல போயி மேசையத் தட்டுனவ. அவகிட்டப் போயி நான் கொழுந்துக்காரி மாதிரி கை தூக்கிட்டேன்னு எப்பிடிச் சொல்றது? அவ சரிக்கான்னுட்டு பட்டன் பையத் தூக்கிக்கிட்டுப் போனா. அடுத்த கூட்டத்துக்குள்ள நான் எப்பிடியாச்சும் காம்பராவ வாங்கிருவேன், அவளுக்குத் தெரியாமலே போயிரும்னு நெனச்சேன்.

அந்த மாசம் நான் கேக்காத ஆள் இல்ல. தலைவரு சொன்னாரு, "அக்கா, நான் தூக்கவே இல்லன்னு சொல்லிருங்க. மழயில யாரு பாத்தா? நாங்க எத்தன தடவ அப்பிடிச் சொல்லியிருக்கோம்." என் பெரிய மகள நாவலப்பிட்டியில கட்டிக் குடுத்திருக்கேன், அவ போன்ல கத்துனா, "வெளங்காமத் தூக்குனேன்னு மட்டும் சொல்லிராதம்மா, மானம் போயிரும்." சபைல இன்னொரு பொம்பள மெம்பர் இருந்தாங்க, சிங்கள டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க, அழகாப் பேசுவாங்க. அவங்க என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "அக்கே, அத வெளியில சொல்லாதீங்க, ஒங்களுக்காகச் சொல்லல. நம்ம எல்லாருக்காகவும் சொல்றேன். படிக்காத பொம்பளைய ஒக்கார வெச்சா இப்பிடித்தான்னு நாளைக்கே சொல்லுவாங்க. அடுத்த தடவ பட்டியல்ல பேரு போடக் கூட யோசிப்பாங்க."

அதுதான் என்னையக் கொழப்புச்சு மகள். என் மானம் போனாப் போகுது. ஆனா ஒன்ன மாதிரி, கோகிலா மாதிரி, பின்னால வரப் போற புள்ளைகளுக்கு நான் கதவச் சாத்திட்டா? ஒரு பக்கம் ஸ்டெல்லா, ஒரு பக்கம் நீங்க எல்லாரும். ராவும் பகலும் தராசு மாதிரி ஆடுனேன். கொழுந்து நிறுக்குற தராசாச்சும் ஒரு எடத்துல நிக்கும்.

அப்பத்தான் சபையில குறிப்பு எழுதுற சிங்கள அம்மா, அந்த நோனாகிட்டப் போனேன். பெரிய கொண்டை, கண்ணாடிக்கு கயிறு கட்டியிருப்பாங்க. எந்தக் கச்சிக்காரன்கிட்டயும் பல்லக் காட்ட மாட்டாங்க. அவங்க பேர நான் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பிடிக்காது. குறிப்புப் புத்தகத்தத் தொறந்து, அரைகொற தமிழ்ல ஒவ்வொரு வரியா எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க. என் பேரு அதுல இருக்குற எடத்துல வெரல வெச்சாங்க. நான் அந்த எடத்தத் தடவிப் பாத்தேன். "அடுத்த கூட்டம் தொடங்கின ஒடனே இது சரியான்னு கேப்பாங்க. அப்ப எந்திரிச்சுப் பேசலாம். சரின்னு சொன்ன பொறவு பேசினாப் பிரயோசனம் இல்ல"ன்னாங்க.

"நான் என்ன நோனா சொல்லனும்?"

"எனக்கு நடந்தத எழுதத்தான் தெரியும். என்ன சொல்றதுன்னு நான் சொல்ல ஏலாது." கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "ஆனா நீங்க எதச் சொன்னாலும் அத அப்பிடியே எழுதுவேன். அது இங்க இருக்கும்."

அவ்வளவுதான். இத ஒரு புத்திமதின்னு சொல்றதா, இல்லையான்னு எனக்குத் தெரியல. தூக்கலன்னு சொன்னா அதுவும் அந்தப் புத்தகத்துல இருக்கும். நான் வாசிக்க மாட்டேன், ஆனா அது இருக்கும்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு கெழம இருந்துச்சு. புதன்கெழம, பஸ் ஸ்டான்டுல அவளோட மனுசன் ஸ்டெல்லாவப் புடிச்சிட்டான். எல்லாரும் பாக்க பையப் பறிச்சு, கையத் திருப்பி, இழுத்துத் தள்ளியிருக்கான். பட்டன் எல்லாம் ரோட்டுல. மகள், ஒங்க வாப்பாதான் கடையப் போட்டுட்டு ஓடிப் போயி தூக்கியிருக்காரு, ஒனக்குத் தெரியுமோ என்னவோ. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தேன். வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. தைக்கிற கை. அவ என்கிட்டக் கேட்டது ஒன்னே ஒன்னுதான்.

"வெள்ளையடிச்சு முடிஞ்சிதாக்கா?"

நான் இன்னும் இல்லன்னேன். அப்பவும் சொல்லல. சொல்லனும்னுதான் போனேன், பழம் வாங்கிக்கிட்டு. பழத்த உரிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன்.

கூட்டம் வந்துச்சு. கிளாக்கர் தம்பி அன்னைக்கு வந்திருந்தாரு, நல்ல காலம். "போன கூட்டக் குறிப்பு சரிதானே?"ன்னு தவிசாளரு கேட்டாரு. நான் எந்திரிச்சேன். சத்தியமாச் சொல்றேன், எந்திரிக்கிற வரைக்கும் நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது. தலைவரு என் சேலைய இழுக்குறாரு. டீச்சரம்மா தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க. தவிசாளரு பாத்தாரு, பாவம் கெழவின்னு நெனச்சாரு போல. "அக்கே, எண்ணுனதுல பிழை வந்திருச்சா? நீங்க கை தூக்கலயா?"ன்னாரு. கதவத் தொறந்து விட்ட மாதிரி. ஆமாங்கன்னா முடிஞ்சிது.

நோனா பேனாவத் தூக்கிக்கிட்டு என் வாயவே பாக்குறாங்க.

"தூக்குனேன் மாத்தியா. நல்லாத் தூக்குனேன். என்னத்துக்குன்னு தெரியாமத் தூக்குனேன். பேரு எடுக்குறீங்கன்னு நெனச்சேன்"னேன். தம்பி அத சிங்களத்துல சொன்னாரு.

சிரிச்சாங்க பாருங்க! மேசையத் தட்டிச் சிரிச்சாங்க. பின்னால ஒருத்தரு, "இதுக்குத்தான் சொன்னேன், எழுத்து தெரியாத ஆளுகள..."ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குக் காது எல்லாம் சூடு. அப்ப டீச்சரம்மா எந்திரிச்சாங்க.

"நான் எழுத்து தெரிஞ்சவ. நானும் வாசிக்கல. மாரியாயி அக்காதான் அந்தக் காம்பராவுக்குச் சொந்தக்காரி மாதிரி. அவங்க கை தூக்குறதப் பாத்தேன். அவங்களே வேணாம்னா நமக்கு என்னன்னு நானும் தூக்கினேன்."

சத்தம் கொறஞ்சுச்சு. பொறவு நம்ம முஸ்லிம் நானா மெம்பர், எறச்சிக் கடைக்காரரு, "நானும் அவங்க கையத்தான் பாத்தேன். உண்மையச் சொன்னா ஒரு கையில போன் இருந்திச்சு, மத்தக் கையத் தூக்கினேன்"னாரு. பொறவு இன்னொருத்தரு. பொறவு தலைவரு, வெளியில போன்ல நின்னவரு, தானும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து தூக்குனதாச் சொன்னாரு! எதுக்கு? எல்லாரும் தூக்குனாங்களாம்.

இப்ப சொல்லுங்க. நான் அவங்க கையப் பாத்துத் தூக்குனேன். அவங்க என் கையப் பாத்துத் தூக்கியிருக்காங்க. அப்ப மொதல்ல தூக்குனது யாரு? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. தவிசாளருக்கும் வெளங்கல. அவரு பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு.

இத மட்டும் கேட்டுக்கங்க ரெண்டு பேரும். என் கை ஒத்தக் கைன்னு நெனச்சேன், பட்டியல்ல கொறஞ்ச பேருக்கு வந்த கை, யாரு பாக்கப் போறான்னு. பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பொம்பளைக விசயம்னு ஒன்னு வந்தா எல்லாக் கண்ணும் ஒங்க கைக்குத்தான் வரும். அது வெளங்காமத் தூக்கலாமா?

சரி, திரும்ப ஓட்டு எடுத்தாங்க. இந்தத் தடவ ஒரு சத்தம் இல்ல. காம்பரா இருக்கனும்ங்கிறவங்க தூக்குங்கன்னாங்க. நான் ஒவ்வொரு கையா எண்ணிக்கிட்டு இருக்கேன், டீச்சரம்மா, நானா, அந்தா அவரு, இந்தா இவரு. வேணாம்ங்கிறவங்களும் தூக்குனாங்க. ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியா வந்து நிக்குது. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. ஏன் பாக்குறாங்கன்னு நானும் அவங்களப் பாக்குறேன். நோனா எந்திரிச்சு, "மாரியாயி உறுப்பினர் எந்தப் பக்கம்னு நான் எழுதனும்?"னு கேட்டாங்க.

ஐயோ, நான் தூக்கவே இல்ல! பயத்துல ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு ஒக்காந்திருக்கேன்!

தலைவரு காதுல "இப்ப தூக்குங்கக்கா, இப்ப"ங்குறாரு. நான் மாட்டேன்னுட்டேன். எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்க, "இப்ப கை தூக்குனா காம்பரா இருக்குமா, போகுமா?"ன்னு கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கல. "இருக்கும்"னாரு தவிசாளரு. பொறவுதான் தூக்குனேன். ரெண்டு கையையும் தூக்கிட்டேன். "ஒன்னு போதும் அக்கே"ன்னாரு.

வாச்சரு ஓடிப் போயி பூட்டக் கழட்டுனாரு. டீவி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நாளைக்கு என்னையக் கண்டா அந்தப் பின்னால இருந்தவரு கையத் தூக்கிக் காட்டுவாரு. நானும் பதிலுக்குத் தூக்கிக் காட்டுவேன். அதுக்குப் பொறவு எனக்குக் கூச்சமே போயிருச்சு. ஒவ்வொன்னுக்கும் "எதுக்குன்னு சொல்லுங்க"ன்னு கேப்பேன். கடைசில பாத்தா படிச்சவங்களும் கேக்க ஆரம்பிச்சாங்க. நான் கேட்டா, அக்காவுக்கு வெளங்கலன்னு சொல்லி அவங்களும் தெரிஞ்சிக்கலாம்ல! நல்ல ஆளுக.

சாவியத் தூக்கிக்கிட்டு நேரா கீழ் டிவிசனுக்குப் போனேன். எறக்கத்துல ஓட்டமும் நடையுமா. அவ்வளவு சந்தோசம். ஸ்டெல்லா வாசல்ல ஒக்காந்து இடது கையால அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தா, பாதி அரிசி கீழ. நான் போன வேகத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன். வெள்ளையடிக்கல புள்ள, நான்தான் கை தூக்கிட்டேன், இப்ப சபையில எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டேன், சிரிச்சாங்க, டீச்சரம்மா எந்திரிச்சாங்க, ரெண்டு கையத் தூக்கினேன்னு. அவளும் சிரிப்பான்னு நெனச்சேன்.

அவ சிரிக்கல. மொறத்தக் கீழ வெச்சா. கீழ சிந்துன அரிசியக் கோழி பொறுக்குறதப் பாத்தா.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா"ன்னா. "அந்தோனியார் கோயில்ல ஃபாதர்கிட்டக் கேட்டிருந்தா உள்ளுக்கு ஒக்கார விட்டிருப்பாரு. கடை மொதலாளியம்மாகிட்டக் கேட்டிருப்பேன். நான் வேற எடம் பாத்திருப்பேன்ல. ஒரு மாசந்தானே, பொறுத்துக்குவோம்னு நீங்க சொன்ன வெள்ளைக்குத்தான் காத்துக்கிட்டு நின்னேன்."

கத்தல. அழல. வெலைய விசாரிக்கிற மாதிரி சொன்னா. நான் சபைல அத்தன பேரு முன்னால சொன்னது லேசு மகள். இதுக்கு முன்னால அது ஒன்னுமே இல்ல. கை தூக்குனதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, பெரட்டு, மழ, மைக்கு. வெள்ளையடிக்கிறாங்கன்னு சொன்னதுக்கு என்ன காரணம் இருக்கு?

மறுநாளு கட்டோடயே கடைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு அவ காம்பராவுக்கு வந்தா. சாவிய நீட்டுனேன். மாவுக்கட்டு இல்லாத கையால வாங்கிக்கிட்டா. வழக்கு முடியிற வரைக்கும் தெனமும் வந்தா, நல்ல மாதிரித்தான் பேசுவா, பொங்கலுக்கு எனக்கு ரவிக்கை தச்சுக் குடுத்தா. கை கொஞ்சம் கோணல், தையல் மட்டும் நேரு. ஆனா அன்னைக்கு அவ கேட்டதுக்கு நான் இன்னும் ஒரு பதிலும் சொல்லல, அவளும் திரும்பக் கேக்கல. மன்னிச்சாளா, இல்ல விட்டுட்டாளா, ரெண்டும் ஒன்னா? நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, சொல்லுங்க பாப்போம். நான் போயி அவகிட்ட…

ஏ கோகிலா, அது என்ன தகரத்துல சத்தம்? மழயா? ஐயோ, மொளகு! சாக்குல காயப் போட்டது அப்பிடியே கெடக்கு. எந்திரி புள்ள, நீ அந்த முனையப் புடி. மகள், நீ இந்தப் பக்கம், மெதுவா, சிந்தாமத் தூக்கு.